சீனியம்மா சுவரும் டயர் மிசினும்

வையாதீங்க அண்ணாச்சி. முன்னால ஊந்து போறானே, அவன் என்ன ஆசப்பட்டா ஊருதான்? பின்னால செவப்புத் துணி கட்டியிருக்கு பாருங்க. அது ரோட்ட விட அகலமான சரக்கு. ஹார்பர்ல ஏத்தி எங்கயோ உள்நாட்டுக்குக் கொண்டு போறான். ஒதுங்க எடம் கெடைச்சா ஒதுங்கிருவான். அதுவரைக்கும் நம்ம பஸ் டிரைவரு ஹார்ன் அடிச்சு அடிச்சுக் கை வலிக்க வேண்டியதுதான்.

நீங்க எதுவரைக்கும்? அருப்புக்கோட்டையா? நல்லதாப் போச்சு. நான் வாகைக்குறிச்சி. அம்புட்டுத் தூரமும் பேசிக்கிட்டே போலாம். காதுல என்னமோ மாட்டியிருக்கியளே, அத எடுத்துருங்க. நான் பேசுறது கேக்காமப் போயிரும்.

இவனுக்கு எப்படி இம்புட்டு வெவரம் தெரியும்னு பாக்கியளா? நான் பைலட்டு. சிரிக்காதீங்க, ஏரோப்பிளேன் இல்ல. இந்த மாதிரிப் பெரிய சரக்கு போகும்போது முன்னால ஒரு ஜீப்பு போகும்லா, மேல லைட்டு சுத்திக்கிட்டு, அது நான். பேரு இன்னாசி. தூத்துக்குடி ஹார்பர்ல எறங்குற பெரிய பெரிய மிசினெல்லாம் ஊருக்குள்ள போகணும்னா நான்தான் முன்னால போயி வழி பண்ணணும். கரண்டு வயரு தாழ்வா இருந்தா ஆள விட்டுக் கம்பால தூக்கணும். மரக்கிளை தட்டுச்சுன்னா மரத்துக்காரனப் பாத்துப் பேசணும். ஊர்க்காரன் மறிச்சான்னா எறங்கிப் பேசணும். பேசணும் அண்ணாச்சி, அதான் வேலையே. டிரைவரு என்ன, ஸ்டியரிங்கப் புடிச்சா போதும். வண்டி டீசல்ல ஓடுதுன்னு எல்லாரும் நெனைக்காவ. என் வாயிலதான் ஓடுது.

இப்ப ஒரு கல்யாணத்துக்குப் போறேன். பத்திரிக வரல. தபால்ல எங்கயோ தொலஞ்சிருக்கு. அந்தக் கல்யாணம் இம்புட்டு சிறப்பா நடக்கதே என்னாலதான், எனக்கே பத்திரிக வரல பாருங்க. வருத்தம் இருக்கத்தான் செய்யுது. இருந்தாலும் அவியளச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நானே கெளம்பிட்டேன். இருங்க, மொதல்லருந்து சொல்லுதேன்.

இந்த ஆடி மாசம்தான். கரிசக்காட்டுல ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்லவா வேணும்? அந்தக் காத்துல ஒரு மிசின் வந்து கப்பல்ல எறங்குச்சு. பழைய டயர அரைக்கிற மிசின். உள்ள பல்லுப் பல்லா உருளை இருக்கு. லாரி டயரப் போட்டாலும் கடிச்சு அரைச்சு அந்தப் பக்கம் காராச்சேவு மாதிரி துப்பும். கழட்டிக் கொண்டு போலாம்னா கழட்ட வராது, ஒரே வார்ப்பு. டிரெய்லர்ல ஏத்தித் தார்ப்பாயப் போத்துனா, ஒரு வீட்டுக்குச் சக்கரம் கட்டி விட்ட மாதிரி இருந்துச்சு.

வாங்குனவரு காங்கேயத்துக்காரரு. சென்னியப்பன்னு பேரு. ஆவணி மொத முகூர்த்தத்துல மிசினுக்குப் பூச போட நாள் குறிச்சுட்டாரு. ஊரெல்லாம் அழைப்பு வச்சுட்டாரு. தெனம் போன் பண்ணுவாரு. அந்தப் பக்கத்து ஆளுக மரியாதையப் பத்தித் தெரியும்லா? "ஏனுங்க இன்னாசி, சாப்புட்டீங்களா? உடம்புக்குச் சவுரியந்தானுங்களா? மிசினு எங்கீங்க வருது?" ஒரு தடவ ஏசிட்டாருன்னா நிம்மதியாப் போயிரும். ஏசவே மாட்டாரு. போன வைக்கும்போது எனக்கு வேர்த்து ஊத்தும்.

டிரெய்லர ஓட்டுனவன் ஆத்தியப்பன். நல்ல பையன், ஆனா பேச்சே கெடையாது. நான் ஜீப்புல முன்னால போவேன், அவன் பின்னால வருவான், பேசிக்கிட ரெண்டு பேருகிட்டயும் வாக்கி டாக்கி இருக்கு. அதுல ஒரு அதிசயம் பாருங்க, அவன் பக்கம் மட்டும் அடிக்கடி பேட்டரி தீந்துரும். என் பக்கம் தீரவே தீராது. கம்பெனியில சொல்லி மாத்திக் குடுங்கன்னு நான் எத்தனையோ தடவ கேட்டுட்டேன். அவன்தான் பரவால்லண்ணே, பரவால்லண்ணேம்பான். தனக்குன்னு எதயும் கேக்க மாட்டான்.

நேர் ரோட்டுலயே போயிருக்கலாம். அங்க ஒரு பாலத்துல வேல நடந்துச்சு, பெரிய வண்டிய விடல. சுத்தி வாகைக்குறிச்சி வழியாத்தான் போகணும்னு ஆச்சு. ஒரு சரக்கு போறதுக்கு முன்ன நான் பைக்குல போயி வழியெல்லாம் பாத்துட்டு வரணும். போனேன். பாத்தேன். வாகைக்குறிச்சியில ஒரு டீக்கடை, அங்கன நல்ல நல்ல ஆளுகளா உக்காந்திருந்தாவ, பேசிக்கிட்டிருந்தேன். ஊரு நடுவுல ஒரு வளைவு இருக்கு. அந்த வளைவு மூலையில ஒரு சுவரு இருக்கு. நான் பாத்தப்போ அந்தச் சுவர மறைச்சு ஒரு பஸ்ஸு நின்னுச்சு. பஸ்ஸு நின்னா நான் என்ன செய்ய? பஸ்ஸுக்குப் பின்னால சுவரு இருக்கும்னு யாரு கண்டா? அதயெல்லாம் என் தப்புன்னு ஆபீஸ்ல சொன்னாவ. சவத்தத் தள்ளுங்க.

வண்டி வளைவுல தலைய விட்டுச்சு, நின்னுருச்சு. முன்னால போனா சுவரு இடிக்கும். எதுத்த பக்கம் ஒதுங்கலாம்னா ஒரு மாட்டுத் தொழுவம், தகரக் கூரை ரோட்டுக்கு நீட்டிக்கிட்டு நிக்கி. பின்னால எடுக்கலாம்னா பின்னால ஓடைப் பாலம். இரும்புத் தகடு போட்டு அலுங்காம ஒரு தடவ தாண்டுனதே பெரிய பாடு, அதுல போயி ரிவர்ஸ் எடுக்கவா? ஆத்தியப்பன் எஞ்சின அணைச்சான். எறங்கிச் சுவரப் பாத்தான், தொழுவத்தப் பாத்தான், என்னப் பாத்தான்.

"இப்ப என்னண்ணே?"

"கவலப்படாத. நான் பேசுதேன்."

"அதான்ணே கவல" அப்படின்னான். என் மேல அம்புட்டு அக்கறை அவனுக்கு. நான் பேசிப் பேசித் தொண்ட கெட்டுரும்னு.

சுவரு சீனியம்மாளுது. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விக்கிற கடை வச்சிருக்கு. புருசன் இல்ல. மாரீஸ்வரின்னு ஒரே மக. சுவரு கட்டுறதுக்கு முன்ன அந்த வளைவுல திரும்புற லாரியெல்லாம் அந்தம்மா முத்தத்துல ஏறித்தான் திரும்புமாம். ஒரு தடவ ஒருத்தன் கோழிக்கூட்டுமேல ஏத்திட்டான். அதுக்கப்புறம் வைராக்கியமாக் கட்டுன சுவரு. அத இடிக்கணும்னு ஒரு லாரிக்காரன் வந்து நின்னா எப்படி இருக்கும்?

நான் நைசாத்தான் ஆரம்பிச்சேன். "அம்மா, நான் பைலட்டு."

அந்தம்மா மேல வானத்தப் பாத்துச்சு. அப்புறம் என்னப் பாத்துச்சு. "எதுல விழுந்த?"

வெளக்கிச் சொன்னேன். மிசினு இப்படி, டயர அரைக்கும், அரைச்சு அதுல எண்ணெய் எடுப்பாவன்னு. எல்லாத்தயும் கேட்டுட்டு, "எண்ணெய் எடுத்தா புண்ணாக்கு மிஞ்சுமா?"ன்னு கேட்டுச்சு.

"டயர்ல ஏதும்மா புண்ணாக்கு?"

"அப்புறம் அது என்னப்பா செக்கு? சுவரத் தொட்டன்னா பாத்துக்க. எதுத்தாப்புல ஒரு தொழுவம் ரோட்டுல கெடக்குல, அத எடுக்கச் சொல்லு."

சரின்னு எதுத்த பக்கம் போனேன். தொழுவத்துக்காரரு பெத்துராஜ். அமைதியான மனுசன், இருமிக்கிட்டே பேசுவாரு. ஊரே அவரு இருமல வச்சுத்தான் அவரு எங்க இருக்காருன்னு கண்டுபிடிக்கும். நான் மிசினப் பத்தி மறுபடி மொதல்லருந்து சொன்னேன். அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கேட்டாரு. கேட்டுட்டு மாட்டப் பாத்துச் சொல்லுதாரு: "ரோட்ட மறிச்சு அகலமாச் சுவரு கட்டுனவுகள விட்டுட்டு, வாயில்லா சீவன் படுக்குற தொழுவத்தப் பிரிக்கச் சொல்றாக பாத்தியா, லட்சுமி?"

என்கிட்ட சொல்லாம மாட்டுகிட்ட எதுக்குச் சொல்லணும்னு எனக்குப் புரியல. டீக்கடையில கேட்டப்போதான் வெளங்குச்சு. ரெண்டு பேரும் அக்காளும் தம்பியுமாம். மாரீஸ்வரி சடங்குக்குத் தாய்மாமன் சீரு கொண்டாந்தாரு பெத்துராஜ். அதுல ஒரு வெண்கலப் பானை. சீனியம்மா புருசன் சும்மா இருக்காம பானையச் சுண்டிப் பாத்து, "சத்தம் சரியில்லையே மச்சான்"னுட்டாரு. பந்தியில உக்காந்திருந்த பெத்துராஜு எலைய மூடாம எந்திரிச்சுப் போனாரு, போனவருதான். பேச்சுவார்த்த இல்ல. அக்கா புருசன் செத்தப்போகூடத் தெருக்கோடியில நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டாரு. அக்காகாரி எதாவது சொல்லணும்னா கோழியப் பாத்துச் சொல்லும். தம்பி மாட்டப் பாத்துச் சொல்லுவாரு. எதுத்தாப்புல அக்கா கடையில புண்ணாக்கு இருக்க, அவரு சைக்கிள எடுத்துக்கிட்டு அருப்புக்கோட்டைக்குப் போயி வாங்கிட்டு வருவாராம்! இதுல மாரீஸ்வரிக்கு ஆவணியில கல்யாணம் வேற வச்சிருக்கு. மணவறைக்கு மால போட்டுக் கூட்டிட்டு வரத் தாய்மாமன் வேணும்லா? யாரக் கூப்புடன்னு தெரியாம அந்தம்மா உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்திருக்கு. வெளிய காட்டிக்கிடல.

இதக் கேட்டதும் எனக்குச் சந்தோசமாயிருச்சு. ஏன்னு கேளுங்க. ரெண்டு பேருக்கும் நேராப் பேச ஒரு வாய் வேணும். வாய் நம்மகிட்ட இருக்கு.

இனி நம்ம வண்டி எப்படி நிக்கின்னா, அக்கா வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவுல, மல மாதிரி. அவிய வீடு இவியளுக்குத் தெரியாது, இவிய வீடு அவியளுக்குத் தெரியாது. கோழி வண்டியக் கண்டு மிரண்டு அந்தப் பக்கம் போகல. கோழிகிட்டச் சொன்னாலும் காத்துல தார்ப்பாய் படபடன்னு அடிக்கிற சத்தத்துல பேச்சு ஒண்ணும் வெளங்காது, பெத்துராஜு இருமல் மட்டும்தான் கேக்கும். ஆக, நான்தான் எல்லாம். காலையில இந்தப் பக்கம், பத்துமணி வெயில்ல அந்தப் பக்கம், சாயங்காலம் மறுபடி இந்தப் பக்கம். அப்படியே ஒரு வாரத்துக்கு மேல ஓடிப் போச்சு.

சும்மா போயிப் பேசுனா மதிக்க மாட்டாவன்னு சின்னச் சின்ன ஒத்தாச செஞ்சேன். சீனியம்மா கடையில தவிட்டு மூட்ட எறக்குனேன். பெத்துராஜுக்குத் தொழுவம் கூட்டுனேன். அவிய கேக்கல, நானாத்தான். அதாவது, "இந்தா, வாய மூடிக்கிட்டு இந்த மூட்டையத் தூக்கு"ன்னு அந்தம்மா சொல்லும். உரிமையாச் சொல்லும், வீட்டு ஆள் மாதிரி.

ஒருத்தர் சொன்னத அடுத்தவருகிட்ட அப்படியே சொன்னா சப்புன்னு இருக்கும் அண்ணாச்சி. கொஞ்சம் உப்புக் காரம் போட்டாத்தான பேச்சு நிக்கும். தம்பி, "அக்கா கடை சத்தத்தையே காணோமே"ன்னு கேட்டாருன்னு வைங்க. நான் போயி, "உங்க தம்பி சொல்லுதாரு, அரவ மிசினு நின்ன மாதிரி ஊரே நிம்மதியா இருக்காம்"னு சொல்லுவேன். அக்கா, "மாடெல்லாம் சௌக்கியமா?"ன்னு கேட்டா, "மாட்டப் பத்தி மட்டும்தான் விசாரிச்சாவ, உங்களப் பத்தி ஒரு வார்த்த இல்ல"ம்பேன். ஒரு இதுக்காகத்தான். ரோசம் வந்தாத்தான் பாசம் வரும்னு என் கணக்கு.

அந்தப் புள்ள மாரீஸ்வரி ஒருநாள் எனக்கு மோரு கொண்டாந்து குடுத்துச்சு. குடுத்துட்டு, "பைலட்டு மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீங்களே? நீங்க கொஞ்ச நாள் பேசாம இருந்தா அவுக ரெண்டு பேரும் பேசிருவாக"ன்னுச்சு. பாவம், சின்னப் புள்ள. அதுக்கு என்ன ஒலகம் தெரியும்?

சென்னியப்பன் போன் நிக்கல. "ஏனுங்க, ஆவணி கிட்ட வந்துருச்சுங்களே. பூசைக்கு எல்லாரும் வந்துருவாங்க, மிசினு மட்டும் வரோணுங்க." நான் போன சீனியம்மாகிட்டக் குடுத்து, "நீங்களே சொல்லுங்க, எவ்வளவு பெரிய மனுசன் காத்துக்கிட்டு இருக்காருன்னு"ன்னேன். அந்தம்மா வாங்கிச்சு. ரெண்டு பேரும் காங்கேயம் காளையப் பத்தி, பருத்திக்கொட்டைய எப்ப ஊற வைக்கணும்கறதப் பத்தி அப்படி ஒரு பேச்சு. என் போன்ல இருந்த சார்ஜெல்லாம் காலி. மிசினப் பத்தி ஒரு வார்த்த பேசல. வச்ச பெறகு, "நல்ல மனுசன். உங்கிட்டப் போயி மாட்டிக்கிட்டாரே"ன்னுச்சு. ஆளு என்ன நெனச்சு எப்படி உருகுது பாருங்க.

இனித்தான் கதையே.

ஒருநாள் மத்தியானம். நான் மூட்ட மேல உக்காந்து எங்க ஊரு மாதா கோயில் தேரப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். சீனியம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு கையத் தூக்கி, "கொஞ்சம் நிப்பாட்டு"ன்னுச்சு. நிப்பாட்டுனேன். வண்டியப் பாத்தே காதக் குடுத்து நின்னுச்சு.

"நேத்துலருந்து அங்க இருமல் சத்தத்தையே காணோம்" அப்படின்னுச்சு. மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "உடம்புக்கு எதும் முடியலையோ என்னவோ. போயிப் பாத்துட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லாத."

சுத்திக்கிட்டு ஓடுனேன். பெத்துராஜு கயித்துக்கட்டில்ல உக்காந்து கயிறு திரிச்சுக்கிட்டிருந்தாரு. நல்லாத்தான் இருக்காரு. நான் சொன்னேன்: "அண்ணாச்சி, உங்க அக்கா கேக்காவ, இருமல் சத்தத்தக் காணோமே, செத்துக் கித்துப் போயிட்டானான்னு."

மனுசன் கை அப்படியே நின்னுருச்சு. அன்னைக்கு மாட்டப் பாத்துப் பேசல, நேரா என்னப் பாத்தாரு. "இருக்கேன்னு சொல்லு" அப்படின்னாரு, மெதுவா.

திரும்பி ஓடிப் போயிச் சொன்னேன். "இருக்காராம். நீங்க சாவுற வரைக்கும் இருப்பாராம்."

அந்தம்மா கையிலருந்த தராசுத் தட்டக் கீழ வச்சுச்சு. மொகத்துல ரத்தமே இல்ல. நான் அடுத்தத ஆரம்பிக்கதுக்குள்ள விறுவிறுன்னு வண்டிகிட்டப் போச்சு. டிரெய்லருக்கு அடியில டயருக்கு டயர் நடுவுல சந்து இருக்கும்லா? அங்கன முட்டி போட்டுக் குனிஞ்சு, சேலைய வாரிப் புடிச்சுக்கிட்டுக் கத்துச்சு:

"ஏலே பெத்து!"

காத்துக்கூட நின்னுருச்சு அண்ணாச்சி. அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சுன்னுச்சு. அவரும் வந்து குனிஞ்சாரு, சந்து வழியா மொகம் தெரிஞ்சுச்சு.

"என்னக்கா?"

வருசக் கணக்காப் பேசாத ரெண்டு பேரு பேசுன மொதப் பேச்சு இதுதான்.

"நான் சாவுற வரைக்கும் நீ இருப்பேன்னு சொன்னியாடா?"

"நானா? இருக்கேன்னு மட்டுந்தான சொல்லிவிட்டேன். நீதான் செத்துட்டானான்னு கேட்டியாம்."

"அடப்பாவி, என் வாயால அப்படிக் கேப்பனா? இருமல் சத்தத்தக் காணோமே, உடம்புக்கு என்னமோன்னு பதறிப் போயில கேட்டேன்!"

"மருந்து குடிச்சேன்க்கா. நின்னுருச்சு."

"அரவ மிசினுன்னு சொன்னியாமே என்னைய?"

"அய்யய்யோ. கடையில சத்தத்தக் காணோமே, அக்காவுக்கு யாவாரம் இல்லையோன்னுதான் கேட்டேன். நீ மாட்ட மட்டும் விசாரிச்சியாமே, மனுசன விசாரிக்கலன்னு..."

"மாட்ட விசாரிச்சா உன்ன விசாரிச்ச மாதிரி இல்லையாடா, கோட்டிப்பயலே?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பி என்னப் பாத்தாவ. அந்தப் பார்வைய நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். கண்ணெல்லாம் செவந்து போச்சு, நன்றியில.

சரி, நல்ல நேரம், நம்மளும் நாலு வார்த்த எடுத்துச் சொல்லுவோம்னு நானும் அடியில தலைய விட்டேன். "பாருங்க, அக்கா தம்பின்னா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நீ சும்மா இருப்பா!"

ரெண்டு பேரும் ஒரே கொரலு. பாத்தியளா ஒத்துமைய? காலையில வரைக்கும் மாட்டுகிட்டயும் கோழிகிட்டயும் பேசுனவிய!

நான் தலைய எடுத்தேன், கம்பியில இடிச்சு வீங்கிருச்சு. அது கெடக்கு. ஆனா காது கேக்கும்லா. அந்தம்மா சொல்லுச்சு, கொரலு இப்ப எறங்கிருச்சு: "அந்தப் பானைய நெனச்சா இன்னமும் கோவமாடா உனக்கு? அவரு ஒரு கேலிக்காரரு. சுண்டிப் பாத்துக் கேலி பண்ணாரே ஒழிய, கடைசி வரைக்கும் வெந்நி அந்தப் பானையிலதான் வைக்கணும். வேற பானையில வச்சா தொட மாட்டாரு. மச்சான் பானையில காய்ச்சுனாத்தான் உடம்பு வலி போகுதும்பாரு."

அந்தப் பக்கம் மூக்கச் சிந்துற சத்தம்.

"எனக்கு யாரும் சொல்லலியேக்கா."

"நீ எங்க வந்த, சொல்றதுக்கு? அவரத் தூக்கிட்டுப் போகயில தெருக்கோடியில நின்னியே, பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டும் கூப்புடலியே?"

"கூப்புட்டாத்தான் வருவியா? தம்பியாடா நீ?"

அதுக்கப்புறம் அந்தம்மா சேலையச் சொருகிக்கிட்டுத் தவழ்ந்து அந்தப் பக்கம் போயிருச்சு. பின்னாலயே மாரீஸ்வரியும். அங்க என்ன பேசுனாவன்னு எனக்குத் தெரியாது. நான் சுத்திக்கிட்டுப் போறதுக்குள்ள கதவ சாத்திட்டாவ. குடும்ப விசயம், அழுதிருப்பாவ, நான் பாத்தா நானும் அழுதுருவேன்னு நெனச்சிருப்பாவ. ஆத்தியப்பன் மேல சீட்டுல உக்காந்து ஸ்டியரிங்குல மொகத்த வச்சுக் குலுங்கிக்கிட்டு இருந்தான். எளகுன மனசு அவனுக்கு. கண்ணுல தண்ணி தண்ணியா வருது.

மறுநா விடிஞ்சு, டீ குடிச்சுட்டு வாரேன், ரெண்டு பேரும் வண்டி முன்னால நிக்காவ. சேந்து நிக்காவ. அந்தம்மா கேட்டுச்சு:

"ஏப்பா பைலட்டு, இந்த வண்டி போறதுக்கு எது எடுக்கணும்?"

"சுவரு மூல. இல்லன்னா தொழுவம். ரெண்டுல ஒண்ணு எடுத்தாப் போதும்மா."

"ரெண்டையும் எடுத்தா?"

"ரெண்டையும் எதுக்கு..."

"ரெண்டையும் எடுத்தா சீக்கிரம் போயிருவியா?"

"பறந்துருவேன்."

அந்தம்மா தம்பியப் பாத்துச்சு. "எடுடா கடப்பாரைய."

சொன்னா நம்ப மாட்டிய. வேண்டாம் வேண்டாம்னு நான் சொல்லச் சொல்ல, தம்பி அக்கா சுவர இடிக்காரு, அக்கா தம்பி தொழுவத்துத் தகரத்த உருவுது. வைராக்கியமாக் கட்டுன சுவரு அண்ணாச்சி அது. மொதச் செங்கல் விழும்போது அந்தம்மா ஒரு நிமிசம் நின்னு பாத்துச்சு. எனக்கே சங்கடமாயிருச்சு, ஆறுதலா எதாவது சொல்லுவோம்னு வாயத் தொறந்தேன். ஒடனே, "வெரசா இடிடா தம்பி, வெரசா"ன்னுச்சு. ஊரே வந்து ஒத்தாச பண்ணுச்சு. டீக்கடைக்காரரு கடைய மூடிட்டு வந்து செங்கலத் தூக்கிப் போட்டாரு. அந்த ஊரு ஜனங்க எனக்குக் காட்டுன பிரியம் வேற எங்கயும் நான் பாக்கல.

வண்டி எடுத்தான் ஆத்தியப்பன். தார்ப்பாய் உரசாம, ஒரு செங்கல் அலுங்காம, பூ மாதிரித் திரும்புச்சு. சனமெல்லாம் கை தட்டுச்சு, கொலவ போட்டுச்சு. நான் ஜீப்புல நின்னுக்கிட்டே கையாட்டுனேன். திரும்பிப் பாத்தா சீனியம்மாவும் பெத்துராஜும் ரோட்டு நடுவுல தோளோட தோள் நின்னு பாத்துக்கிட்டே இருக்காவ, வண்டி மறையிற வரைக்கும். திரும்பி வந்துரப் போறேனோன்னு ஏக்கம்.

மிசினு நாளுக்கு முன்னாலயே காங்கேயம் போயிருச்சு. சென்னியப்பன் கற்பூரத்தட்டோட வந்து நின்னாரு. ஆத்தியப்பனுக்கு மால போட்டாரு. எனக்கு வெத்தலபாக்கு குடுத்து, "நீங்க களைச்சிருப்பீங்க, பேச வேண்டாங்க"ன்னாரு. எம்புட்டு இங்கிதம் பாருங்க. சுவரயும் தொழுவத்தயும் கம்பெனியில ஆள விட்டுச் சரி பண்ணிக் குடுத்துட்டாவ.

இப்ப இந்தக் கல்யாணம். பெத்துராஜுதான் தாய்மாமனா நின்னு எல்லாம் செய்யுதாராம். ஆத்தியப்பனுக்குப் பத்திரிக வந்திருக்கு, சொல்லவே இல்ல அவன். நேத்தே கெளம்பிப் போயிட்டான். அவன் சட்டப்பையில எட்டிப் பாத்ததுலதான் எனக்கே தெரிஞ்சுச்சு. அவனுக்கு வச்சா எனக்கு வச்ச மாதிரித்தான, ஒரே வண்டிக்காரவிய. சண்டைய முடிச்சு வச்சவன் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?

ஏன் அண்ணாச்சி கண்ண மூடிட்டிய? தூக்கமா? இந்தா ஊரு வந்துருச்சு, முழிச்சுப் பாருங்க. இதான் அந்த வளைவு. அந்தா, சுவரப் பாருங்க, மூலைய வளைச்சுக் கட்டியிருக்காவ. பந்தலு, வாழமரம், ரேடியோ குழாய், அடேங்கப்பா. வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட நிக்கி பாருங்க, அதான் சீனியம்மா. பக்கத்துல பட்டு வேட்டி, பெத்துராஜு. அக்காவும் தம்பியும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதாவ, பாருங்க, பாருங்க.

ஏ சீனியம்மா! பெத்துராஜண்ணாச்சி! நாந்தான், பைலட்டு!

பாத்துட்டாவ. அந்தம்மா கிண்ணத்த வச்சுட்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எப்படி உள்ள ஓடுதாவ பாருங்க. எனக்கு எல போட. வாழமரத்துக்குப் பின்னால பதுங்குதானே, அவன்தான் ஆத்தியப்பன். வெக்கம்.

கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம், எறங்கிக்கிடுதேன். அந்தா பெத்துராஜு மறுபடி வெளிய வாராரு, அண்ணாச்சி. கையில சேரு. எனக்குத்தான். அம்புட்டுக் கூட்டத்துலயும் எனக்கு மட்டும் தனிச் சேரு தூக்கிட்டு வாராரு, தாய்மாமன், பட்டு வேட்டியோட! எங்க போடுதாரு? ரேடியோ குழாய்க்கு நேர் கீழ போடுதாரு. சத்தத்தயும் கூட்டி வைக்கச் சொல்லுதாரு, நான் நல்லாக் கேக்கட்டும்னு. இப்படி ஒரு மரியாதைய நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா?

வரட்டுமா அண்ணாச்சி?